கடல் ஏலப் பொருளல்ல!

மேல்மலையனூரில் கடல் இல்லை. செஞ்சி தாண்டி, திண்டிவனம் தாண்டி, மரக்காணம் போய்ச் சேர்ந்தால்தான் அலைச் சத்தம் காதில் விழும். அப்படியிருக்க மேல்மலையனூர்த் தோழர்களுக்குக் கடல் மீனவர் பிரச்னையை ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. பதில் நம் ஊரிலேயே இருக்கிறது.

அமாவாசை தோறும் ஜனங்கள் வந்து குவிகிற அங்காளம்மன் கோயிலை நினைத்துப் பாருங்கள். அந்தக் கோயிலின் பரம்பரைப் பூசாரிகள் யார்? செம்படவர்கள், பர்வதராஜ குலத்தார் என்று சொல்லப்படும் உள்நாட்டு மீனவர்கள். கடலே இல்லாத ஊருக்கு மீனவர் எப்படி வந்தார்? ஏரி இருந்தது, ஆகவே வந்தார். மழையில் ஏரி நிரம்பும். கோடையில் நீர் சுண்டும். அப்போது விராலும் கெளுத்தியும் குரவையும் ஊர் முழுவதற்கும் குழம்பாகும். வலை போட்டவனுக்கு ஒரு பங்கு, ஊருக்கு ஒரு பங்கு என்று ஒரு வழக்கம் இருந்தது.

இன்று அந்த ஏரி யாருடையது? பசலி ஆண்டு பிறந்ததும் மீன்பாசிக் குத்தகை ஏலத்துக்கு வருகிறது. பணம் உள்ளவன் எடுக்கிறான். எடுத்தவன் போட்ட முதலை அந்தப் பசலிக்குள்ளேயே எடுத்தாக வேண்டும். நீர் குறைந்தால்தான் மீன் அகப்படும். ஆகவே குத்தகைதாரன் மதகைத் திறந்துவிட்டான் என்ற புகார் ஏரிப் பாசன ஊர்களில் ஓயாமல் எழுகிறது. நீர் போனால் பயிர் போகிறது. பயிர் போனால் நடவு நடும் பெண்ணுக்கும் களையெடுக்கும் பெண்ணுக்கும் வேலை நாள் போகிறது. பழைய பழக்கத்தில் கூடையோடு ஏரியில் இறங்கிய விவசாயத் தொழிலாளியின் மகன் 'மீன் திருடன்' என்று விரட்டப்படுகிறான். மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குத்தகையில் முன்னுரிமை உண்டு என்பார்கள். சங்கத்தின் பெயரை முன்னால் நிறுத்திப் பின்னால் பணக்காரன் நிற்பதைப் பார்க்காத தாலுகா உண்டா?

தோழர்களே! நமது ஏரிக்கு நேர்ந்த இந்தக் கதிதான் பெரிய அளவில் கடலுக்கும் நேர்ந்து வருகிறது. ஏரியை இழந்தவனுக்குக் கடலை இழப்பவனின் துயரம் புரியாமல் போகாது. மேலும், கூலிக்காரன் வீட்டுச் சட்டியில் கொதிப்பது வஞ்சிரம் அல்ல. மத்தியும் கவலையும் காரப்பொடியும் அவற்றின் கருவாடும்தான். அந்த மலிவு மீன் கரையேறாமல் போனால் முதலில் வெறிச்சோடுவது விவசாயத் தொழிலாளியின் தட்டும் ஆலைத் தொழிலாளியின் தூக்குச் சட்டியும்தான்.

கரையில் முன்பே சட்டம் இருந்தது

மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்த வேண்டும், மீன் வளத்தைக் காக்க வேண்டும் என்று அதிகாரிகள் மாநாடு கூட்டிப் பேசுகிறார்கள். ஏதோ மீனவனுக்கு இது புதிதாகக் கற்றுத் தர வேண்டிய பாடம் என்பது போல் பேசுகிறார்கள். உண்மை என்ன?

சோழமண்டலக் கரை நெடுகிலும் மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. சர்க்கார் தேர்தல் வைத்து ஏற்படுத்திய பஞ்சாயத்து அல்ல இது. ஊராரே கூடி நடத்துவது. எந்த வலையை இறக்கலாம், எதை இறக்கக்கூடாது, எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது, கடலில் வலையை அறுத்தவன் எவ்வளவு தண்டம் கட்ட வேண்டும் என்பதை அது தீர்மானித்தது. புதிதாக ஒரு வலை வந்தால் அது மீன் குஞ்சை அழிக்குமா, அடுத்தவன் வலையைக் கெடுக்குமா, ஊரில் பெரும்பாலோர் பிழைப்பைப் பறிக்குமா என்று பார்த்தது. கெடுதி என்று கண்டால் தடை போட்டது. மார்ட்டென் பாவிங்க் என்ற டச்சு ஆராய்ச்சியாளர் இந்த ஊர்ச் சட்டங்களைக் கரையில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 2001-ல் வெளிவந்தது. படிப்பாளிகள் எழுதுவதற்குப் பல தலைமுறை முன்பே மீனவன் இதை அனுஷ்டானத்தில் வைத்திருந்தான்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் அதிகம் படும் இடங்கள் சில. அங்கே வலை போட ஆசைப்படுவோர் பலர். முந்தியவன் கொள்ளையடிக்கட்டும் என்று விடாமல், இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்று முறை வைத்தார்கள். நல்ல இடம் இன்று ஒருவனுக்குக் கிடைத்தால் நாளை இன்னொருவனுக்குப் போகும். ஏரி மதகில் நீர் முறை வைத்துப் பாய்ச்சுகிற விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கடைமடைக்கும் தண்ணீர் சேர வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

டாலர் இறாலும் இழுவை மடியும்

இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது யார்? மீனவனின் அறியாமையா? இல்லை. வெளியிலிருந்து வந்த மூலதனம்.

1952-ல் இந்திய சர்க்கார், நார்வே சர்க்கார், ஐக்கிய நாடுகள் சபை மூவரும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். மறு ஆண்டு கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் அபிவிருத்தித் திட்டம் துவங்கியது. மீனவர் வாழ்க்கையை உயர்த்துவோம், யந்திரப் படகு தருவோம் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் உறைய வைத்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தையில் டாலர் கிடைக்கும் என்று தெரிந்ததும் திட்டத்தின் திசையே திரும்பியது. கடலடியைச் சுரண்டிக்கொண்டு வரும் இழுவை மடி பரவியது. கடலையே பார்த்திராத வியாபாரிகளும் ஏற்றுமதிக்காரர்களும் படகு முதலாளிகள் ஆனார்கள்.

இழுவை மடி என்ன செய்யும்? நெல் அறுக்கப் போனவன் வயலின் மண்ணையும் வரப்பையும் நாற்றங்காலையும் சேர்த்து வாரிக்கொண்டு போனால் எப்படியோ அப்படி. இறாலுக்காக இழுத்தால் குஞ்சும் சினையும் சேர்ந்து வரும். விலை போகாததைக் கடலில் கொட்டுவார்கள். அல்லது கோழித் தீவனத்துக்கு மீன்தூளாக்குவார்கள். இறால் கரையோரத்தில்தான் மிகுதி. ஆகவே இழுவைப் படகுகள் ஆழ்கடலுக்குப் போகாமல் கட்டுமரக்காரனின் வலை கிடக்கும் இடத்துக்கே வந்தன. இரவில் போட்ட வலை விடியற்காலையில் கந்தலாகக் கிடைத்தது.

1970-களில் தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரத்துக்கும் விசைப்படகுக்கும் இடையே ரத்தம் சிந்திய மோதல்கள் நடந்தன. படகுகள் எரிந்தன. உயிர்கள் போயின. 1978-ல் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களின் தேசிய அமைப்பு உருவாயிற்று. போராட்டம் முற்றிய பிறகே சர்க்கார் அசைந்தது. கேரளம் 1980-லும் தமிழ்நாடு 1983-லும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தன. கரையோரத்தில் 3 கடல் மைல் பரப்பை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்குவது என்று தமிழ்நாட்டில் அன்று விதி செய்யப்பட்டது. பாக் நீரிணையில் வாரத்தில் 3 நாள் விசைப்படகு, 4 நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு வந்தது. 2001 முதல் ஆண்டுக்கு 45 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017 முதல் அது 61 நாள். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்க வேண்டும்.

ஆக, இன்றைய சட்டம் எதுவும் சர்க்காரின் தயாள குணத்தில் விளைந்ததல்ல. ஊரின் பழைய கட்டுப்பாட்டைத்தான் போராட்டத்தின் மூலம் மீனவன் சட்டப் புத்தகத்தில் ஏற வைத்தான். ஆனால் புத்தகத்தில் ஏறியது கடலில் இறங்கியதா? அதுதான் கேள்வி.

சுருக்குமடி: அண்ணன் தம்பி சண்டை

நம் ஜில்லாவின் கரை சிறிது. மரக்காணம் சுற்றி 19 மீனவ கிராமங்கள். வடக்கே செங்கல்பட்டுக் கரை, தெற்கே புதுவையும் கடலூரும். இந்தக் கரை முழுவதையும் இன்று இரண்டாக வெட்டிப் பிளந்திருப்பது சுருக்குமடி வலை.

மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிப்பக்கக் கயிற்றை இழுத்துச் சுருக்குப்பை போல் மூடிவிடுவது இந்த வலை. முப்பது நாற்பது பேர் சேர்ந்து இழுக்க வேண்டிய ராட்சச வலை. மத்திக் கூட்டம் அகப்பட்டால் கூட்டம் முழுவதும் ஒரே இழுப்பில் போயிற்று. பக்கத்தில் கையளவு வலையோடு நிற்கும் பைபர் படகுக்காரனுக்கு மிஞ்சுவது வெறும் தண்ணீர். தமிழ்நாடு சர்க்கார் 2000-ல் இவ்வகை வலையைத் தடை செய்தது. ஆனால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த வலை நம் கரையில் பெருகியது. தடை காகிதத்தில், வலை கடலில்.

விளைவு என்ன? 2021 ஆகஸ்டில் புதுவையின் வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்கள் சுருக்குமடி விஷயத்தில் ஆயுதங்களோடு மோதினார்கள். போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. இரண்டு ஊரும் ஒரே குலம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்கள். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஓர் இடைக்கால உத்தரவு போட்டது. 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி போடலாம் என்றது அந்த உத்தரவு. டில்லியிலே கோடு கிழித்தார்கள். கடலில் அந்தக் கோட்டை யார் காப்பது?

இங்கே நாம் நிதானமாகப் பேச வேண்டும். சுருக்குமடி வைத்திருப்பவர் எல்லாரும் கோடீஸ்வரர் என்று சொன்னால் அது பொய். பல ஊர்களில் பல குடும்பங்கள் சேர்ந்து பங்கு போட்டு வலை வாங்கியிருக்கின்றன. மனைவியின் தாலியை அடகு வைத்தவன் உண்டு. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடிக்கும் மீனையெல்லாம் அவன் சொன்ன விலைக்கே போடுவதாக எழுதிக் கொடுத்தவன் உண்டு. கடலில் மீன் குறைந்தது, கடன் கூடியது, கடனை அடைக்கப் பெரிய வலை வேண்டியதாயிற்று, பெரிய வலையால் மீன் இன்னும் குறைந்தது. விதை நெல்லைக் குத்திப் பொங்கித் தின்னும் நிலைக்குத் தள்ளப்பட்டவனைப் பார்த்து 'விதை நெல்லைத் தின்னாதே' என்று மட்டும் சொல்லிப் பயன் இல்லை. அவன் தலை மேல் உள்ள கடனை யார் இறக்குவது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனவே நமது நிலை இதுதான். சுருக்குமடி வேண்டாம், தடை நடைமுறைக்கு வர வேண்டும். அதே சமயம் பங்குதாரக் குடும்பங்களின் வலையைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்க வேண்டும். கடனைத் தீர்க்க வேண்டும். மாற்று வலைக்கு உதவ வேண்டும். போலீஸ் தடியை மட்டும் அனுப்பினால் அண்ணன் தம்பி சண்டை நீளும். நடுவில் லாபம் அடிப்பவன் மீன்தூள் ஆலைக்காரனும் ஏற்றுமதிக் கம்பெனியும்தான்.

ஊர் என்பது யார்?

'சமூகமே தன் மீன் வளத்தை நிர்வகிக்க வேண்டும்' என்ற பேச்சு இப்போது உலகெங்கும் கேட்கிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. நாமும் ஆதரிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் கை தூக்க மாட்டோம். சமூகம் என்பது யார்? ஊர் என்பது யார்?

ஊர்ப் பஞ்சாயத்தில் உட்காருவது தலைக்கட்டு ஆண்கள். கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் ஏற்றி, பஸ்ஸில் இடம் மறுக்கப்பட்டு, திண்டிவனம் வரை கொண்டுபோய் மீன் விற்கும் பெண்ணுக்கு அங்கே குரல் இல்லை. வருமானத்தில் அவள் பாதி. வழக்கில் அவள் பூஜ்யம். பழவேற்காட்டுப் பாடு முறை சிறந்த முறை என்று மேலே சொன்னோம். அதிலும் ஓர் ஊனம் உண்டு. குறிப்பிட்ட குலத்துக் குடும்பங்களுக்கே பாடு. அதே ஏரிக்கரையில் வாழும் தாழ்த்தப்பட்ட மக்களும் இருளரும் நல்ல இடங்களுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். நீர் முறை வைத்த ஏரியில் சேரி நிலத்துக்கு மட்டும் மடை அடைத்த கதைதான் இது!

நம் பக்கத்துக் கழுவேலியைப் பாருங்கள். மழை நீரைத் தேக்கி, மரக்காணம் அருகே கழிமுகம் வழியாகக் கடலைத் தொடும் பெரும் சதுப்பு நிலம் அது. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைக்குக் காவல் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் சதுப்பு நீரில் மார்பளவு இறங்கி, வலையும் இல்லாமல் கையால் தடவி இறாலும் மீனும் பிடித்து வயிறு கழுவுகிற இருளர் குடும்பங்களுக்குக் காவல் யார்? அந்தக் கையால் எந்த மீன் இனமும் அழிந்ததில்லை. இந்த ஜில்லாவின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் அதே இருளர்தான். கொத்தடிமையை ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. நீரில் இறங்கும் உரிமையையும் பறித்தால், கொத்தடிமைச் சூளைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுபோல் ஆகாதா?

விசைப்படகுக்குள்ளும் வர்க்கம் இருக்கிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவை முதலில் கழித்து, பிறகு படகு முதலாளியின் பங்கைக் கழித்து, மிஞ்சியதைத் தொழிலாளிகள் பிரித்துக்கொள்கிறார்கள். நஷ்டம் வந்தால் பங்கு. லாபம் வந்தால் கூலி! ஆலைத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தடைக்காலத்தில் படகு முதலாளியும் கரையில்தான் நிற்கிறான், தொழிலாளியும் கரையில்தான் நிற்கிறான். ஆனால் இருவர் வீட்டு அடுப்பும் ஒன்றல்ல. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். 61 நாளுக்கு வகுத்துப் பாருங்கள்; ஒரு குடும்பத்துக்கு நாள் ஒன்றுக்கு 131 ரூபாய். களை வெட்டப் போகிறவர்கூட இந்தக் கூலிக்கு மண்வெட்டியைத் தொட மாட்டார். ஐஸ் உடைப்பவன், கூடை சுமப்பவள் பெயர் அந்தப் பட்டியலிலும் எளிதில் ஏறுவதில்லை.

ஆகவே ஊரின் கையில் கடல் என்றால், ஊர் முழுவதின் கையிலும் இருக்க வேண்டும். படகில் ஏறும் கூலியும், மீன் விற்கும் பெண்ணும், கையால் இறால் பிடிக்கும் இருளரும் உட்காராத சபை ஊரின் சபை ஆகாது.

செய்து காட்டியவர்கள் உண்டு

இதெல்லாம் ஆகிற காரியமா என்று தலையசைப்பவர்களுக்குச் சில சங்கதிகள்.

கன்னியாகுமரிக் கரையிலும் தென் கேரளக் கரையிலும் மீனவர்கள் கிராமந்தோறும் தங்கள் சொந்தச் சங்கங்களைக் கட்டினார்கள். 1980-ல் அவை ஒன்றுசேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம் ஆயின. முதல் வேலையாக அவர்கள் கை வைத்த இடம் எது தெரியுமா? கரை ஏலம். மீன் கரையேறிய இடத்தில் வியாபாரி விலை சொல்வதை நிறுத்தி, சங்கமே ஏலம் கூறியது. விற்ற பணத்தில் ஒரு சிறு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு, மீதி கையில். மீன் பட்ட நாளில் அதிகம் கட்டு, படாத நாளில் கட்டாதே என்ற ஏற்பாட்டில் கந்துவட்டிக்காரனின் பிடி தளர்ந்தது. விலை தன் கையில் இருப்பவன்தான் வலையின் கண் அளவைப் பற்றி நிதானமாக யோசிக்க முடியும். இந்த உண்மையை நாம் மறக்கக்கூடாது.

கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி எடுப்பவர்கள், மட்டி இனம் பெருகும் மாதங்களில் எடுப்பதில்லை என்றும், சிறு மட்டி சிக்காதபடி பெரிய கண் வலையே போடுவது என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வளம் குன்றாத மீன்பிடிப்பு என்ற சர்வதேசச் சான்று 2014-ல் அதற்குக் கிடைத்தது. இந்தியாவில் அத்தகைய சான்று பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுதான்.

ஜப்பானில் யுத்தத்துக்குப் பின் நிலச் சீர்திருத்தம் நடந்தது நம் தோழர்களுக்குத் தெரியும். கடலிலும் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1949-ல் வந்த சட்டம் கரையோர மீன்பிடி உரிமையை உள்ளூர் மீனவர் கூட்டுறவுகளிடம் ஒப்படைத்தது. பல பத்தாண்டுகள் அது நின்றது. ஆனால் 2018-ல் சட்டத்தைத் திருத்தி, கூட்டுறவுக்கு இருந்த முன்னுரிமையைத் தளர்த்தி, கம்பெனிகளுக்கும் வாசலைத் திறந்தார்கள். பெற்ற உரிமையைக் காக்க விழித்திருக்காவிட்டால் மூலதனம் கொல்லைப்புறமாக நுழையும் என்பது அதில் உள்ள பாடம்.

2014-ல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் சிறு மீனவருக்கான வழிகாட்டி நெறிகளை ஏற்றது. சிறு மீனவர் உரிமை, பெண்கள் பங்கு, ஊரார் நிர்வாகம் எல்லாம் அதில் உண்டு. அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தவர் சென்னையில் வாழ்ந்த சந்திரிகா சர்மா. அந்த ஆண்டு மார்ச்சில் காணாமல் போன மலேசிய விமானத்தில் பயணம் செய்தவர் அவர். அந்த நெறிகள் அவருடைய நினைவுக்கே சமர்ப்பிக்கப்பட்டன. நம் நாட்டுப் பெண் ஒருவர் உலக சபையில் வாங்கித் தந்ததை நம் கரையில் அமல்படுத்த நம் சர்க்கார்களுக்கு என்ன தடை?

சட்டம் இருந்தால் போதுமா?

விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறோம். 1990-களில் நாகைப் பக்கம் நஞ்சை நிலங்களை வளைத்து இறால் பண்ணைகள் போட்டார்கள். உப்பு நீர் வயலையும் குடிநீரையும் கெடுத்தது. விவசாயக் கூலிக்கு வேலை போயிற்று. மீனவனுக்குக் கடலுக்குப் போகும் வழி அடைந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் சுப்ரீம் கோர்ட் கரையோரத்து இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மக்கள் மகிழ்ந்தார்கள். 2005-ல் பார்லிமெண்ட் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. தீர்ப்பு மூடிய கதவைச் சட்டம் திறந்துவிட்டது. கரையோரக் கட்டட விதிகளும் இப்படித்தான். 1991-ல் கட்டுப்பாடு, பிறகு திருத்தத்துக்கு மேல் திருத்தம். 2019 அறிவிக்கையில், ஜன நெருக்கமுள்ள கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத பரப்பை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உல்லாச விடுதி எழும்புகிறது. வலை உலர்த்த இடம் இல்லை.

2025 நவம்பரில் மத்திய சர்க்கார் ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்று அதில் இருக்கிறது. நல்ல வாசகம். ஆனால் ஏரிக் குத்தகையில் 'சங்கத்துக்கு முன்னுரிமை' என்ற வாசகம் என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். சங்கம் யாருடையது, கணக்குப் புத்தகம் யார் கையில், கையெழுத்துப் போடுகிறவனுக்குப் பின்னால் நிற்பவன் யார் என்று கேட்கிற விழிப்புள்ள உறுப்பினர்கள் இல்லாத சங்கம், முதலாளியின் முகமூடியாகவே முடியும்.

1936 ஜூலை 30-ல் புதுவையில் பஞ்சாலைத் தொழிலாளிகள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். அதன் பிறகே அங்கே எட்டு மணி வேலைச் சட்டம் வந்தது. சட்டம் வந்த பின்பும் ஆலை வாசலில் சங்கம் நின்றதால்தான் மணி எட்டில் சங்கு ஊதிற்று. கடலிலும் கரையிலும் அதே விதிதான்.

நாம் கோருவது

கரையோரக் கடலில் இழுவைப் படகும் சுருக்குமடியும் நுழையாமல் காக்கும் பொறுப்பை, அதிகாரிகளோடு மீனவத் தொழிலாளி, மீன் விற்கும் பெண், இருளர் பிரதிநிதிகள் சம அதிகாரத்தோடு உட்காரும் கமிட்டிகளிடம் கொடு. சுருக்குமடிப் பங்குதாரரின் கடனைத் தீர்த்து மாற்றுத் தொழிலுக்கு வழி செய். கரை ஏலத்தைச் சங்கங்களின் கையில் ஒப்படை. தடைக்கால நிவாரணத்தை 61 நாளுக்கும் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் கொடு. கடல் வேலையை நம்பி வாழும் எல்லாக் கூலிக்கும் கொடு. கழுவேலியில் கையால் மீன் பிடிக்கும் இருளரின் உரிமையை எழுத்தில் பதிவு செய். வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், கருவாடு காயும் மணல், இவற்றை ஊர்ப் பொது நிலமாகப் பட்டா போடு.

நம் பக்கத்து ஏரிகளுக்கும் ஒரு கோரிக்கை உண்டு. மீன்பாசிக் குத்தகையை ஏலத்தில் விடாதே. செம்படவர், இருளர், தாழ்த்தப்பட்டோர், விவசாயத் தொழிலாளர் எல்லாரும் உறுப்பினராக உள்ள சங்கத்திடம் கொடு. பாசனத்துக்கு வேண்டிய நீர் மட்டத்துக்குக் கீழே மீனுக்காக மதகு திறக்கக்கூடாது என்பதைக் குத்தகைப் பத்திரத்தின் முதல் நிபந்தனையாக எழுது.

சென்னை அயோத்தியாகுப்பத்து மீனவர் குடும்பத்தில் 1860-ல் பிறந்த சிங்காரவேலர்தான் 1923 மே 1-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தினார். அன்று அவர் துவக்கிய கட்சிக்குத் தொழிலாளர் விவசாயக் கட்சி என்று பெயர். மீனவன் மகன் ஆலைத் தொழிலாளியையும் விவசாயியையும் ஒரே கொடியின் கீழ் அழைத்தான். நூறாண்டு கழிந்துவிட்டது. இப்போது ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் மீனவனுக்காகக் குரல் கொடுக்க வேண்டிய முறை வந்திருக்கிறது. அந்தக் கடனை நாம் திருப்பித் தர வேண்டாமா?

அடுத்த பசலி ஏலம் வரும்போது நம் ஏரிக்கரையில் கூடுங்கள். மரக்காணத்து மீனவத் தோழர்களையும் அழையுங்கள். அவர்கள் கரையில் கூடும்போது நாமும் போவோம். ஏரியை மீட்கத் தெரிந்தவர்கள் கடலையும் மீட்பார்கள்.